கென்யா மலைக்காட்டில் பார்த்த மரம்: கறுப்புப் பட்டை, கசக்கினால் பாதாம் வாசனை. இது என்ன?

பயணப்பை எழுதியது:
வணக்கம். போன மாதம் வேலை விஷயமாக நைரோபி போயிருந்தேன். நடுவில் இரண்டு நாள் சும்மா கிடைத்ததால் கென்யா மலையின் தெற்குச் சரிவுக் காட்டுக்குள் ஒரு வழிகாட்டியோடு நடந்தோம். கைப்பேசி 2,100 மீட்டர் உயரம் என்று காட்டியது. அங்கே ஒரு பெரிய மரம். எப்படியும் பத்து மாடி உயரம் இருக்கும், அடிமரத்தை இரண்டு பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். பட்டை கிட்டத்தட்டக் கறுப்பு, தண்ணீர் வற்றிய ஏரியின் தரை வெடித்திருக்குமே, அதுபோல நீள்சதுரத் துண்டு துண்டாக. வழிகாட்டி கிகூயூக்காரர், அவர்கள் மொழியில் இதற்கு "முயிரி" என்று பெயராம். கீழே கிடந்த ஒரு கிளையிலிருந்து பச்சை இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டினார். சத்தியமாகப் பாதாம் பால் வாசனை! எடுத்த படமெல்லாம் இருட்டும் மூட்டமுமாக இருக்கிறது, திட்டாதீர்கள். அறிவியல் பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மரவெட்டி எழுதியது:
இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை தம்பி. கென்யா மலை, தெற்குச் சரிவு, 2,100 மீட்டர் என்றால் அது கிழக்காப்பிரிக்கக் கற்பூர மரம், ஒகோடியா உசம்பரென்சிஸ். அந்தப் பக்கத்து ஈரக் காட்டுக்கே அதுதான் ராஜா. இலையைக் கசக்கினால் வாசனை வரும். அடுத்த கேள்விக்குப் போகலாம்.

சோலைக்குருவி எழுதியது:
மரவெட்டி, இவ்வளவு அவசரம் எதற்கு? இலையில் வாசனை வரும் மரம் ஆயிரம் இருக்கிறது, என்ன வாசனை என்பதுதான் கேள்வி. கற்பூரத்துக்கும் பாதாமுக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு யாருக்கு இருக்கிறது? பயணப்பை தம்பி, நாலு விஷயம் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். இலை காம்பில் எதிரெதிராக இருந்ததா, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி இருந்ததா? இலையின் ஓரம் வழவழவென்று ஓடியதா, சின்னச் சின்னப் பல் இருந்ததா? இலையைத் திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கம் வெள்ளையடித்த மாதிரி வெளுத்திருந்ததா? இலைக்காம்பு என்ன நிறம்?

பயணப்பை எழுதியது:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் ஐயா. இலை மாறி மாறித்தான் இருக்கிறது. நீளம் என் உள்ளங்கை அளவு, மேல்பக்கம் எண்ணெய் தடவியது போல மினுங்கும் கரும்பச்சை, அடிப்பக்கம் கொஞ்சம் வெளிர்பச்சை, வெள்ளை இல்லை. ஓரத்தில் மழுங்கின மெல்லிய பல் இருக்கிறது, விரலால் தடவினால்தான் தெரிந்தது என்பது இப்போது ஞாபகம் வருகிறது. காம்பு இளஞ்சிவப்பு! நான் அதைப் பூஞ்சை ஏதோ பிடித்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

சோலைக்குருவி எழுதியது:
அப்படியென்றால் கற்பூர மரம் இல்லை. அதற்கு இலையோரத்தில் பல் கிடையாது, அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பாக இருக்கும், காற்றடித்தால் மரமே தூரத்திலிருந்து வெளுத்துத் தெரியும். நீங்கள் பார்த்தது புரூனஸ் ஆஃப்ரிக்கானா. ஆப்பிரிக்கச் செர்ரி என்றும் சொல்வார்கள். முயிரி என்ற பெயரும் சரியாகப் பொருந்துகிறது, கிகூயூவில் இதைத்தான் அப்படி அழைக்கிறார்கள். எத்தியோப்பியாவில் அம்ஹாரிக் மொழியில் "திகுர் இஞ்செத்". கறுப்பு மரம் என்று பொருள். பட்டையைப் பார்த்து வைத்த பெயர்.

வகுப்பெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், முப்பது வருடம் வகுப்பெடுத்த பழக்கம் போகாது. ரோஜாக் குடும்பம், பசுமைமாறா மரம். பாதாம், பீச், பிளம், ஏப்ரிகாட் எல்லாம் இருக்கும் அதே புரூனஸ் பேரினம். இந்தப் பேரினத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு, சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் சொந்த மண்ணில் முளைத்தது என்று பரவலாக அறியப்பட்டது இது ஒன்றுதான். 30 மீட்டர் சாதாரணமாக வளரும், நல்ல இடத்தில் 40 வரை போகும். காட்டுக்குள் இருந்தால் அடிமரம் கிளையில்லாமல் நேராக ஏறி உச்சியில் குடை விரிக்கும், வெட்டவெளியில் தனியாக நின்றால் கீழேயே கிளைத்துக் கட்டையாகப் பரந்துவிடும். அதனால் இரண்டு இடத்துப் படத்தை வைத்து ஒரே மரம் என்று நம்புவது சிரமம்.

பூ சின்னது, வெள்ளைக்கும் இளம்பச்சைக்கும் நடுவே ஒரு நிறம், இலைக்கக்கத்திலிருந்து வரும் சிறு கொத்துகளில் இருக்கும். செர்ரிப் பூ என்றதும் ஜப்பான் நாள்காட்டிப் படத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், இதழ் கண்ணுக்கே தெரியாது, மகரந்தத் தாள்கள்தான் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தேனீக்கு அதெல்லாம் பிரச்சினையில்லை. ஆப்பிரிக்க மலை நாடுகளில் தேன் வளர்ப்போர் விரும்பும் மரங்களில் இதுவும் ஒன்று.

பழம்தான் அடையாளத்தின் உச்சம். சுண்டுவிரல் நகம் அளவு, சுமார் ஒரு சென்டிமீட்டர், பழுத்தால் சிவப்பிலிருந்து ஊதா கலந்த பழுப்பு. வடிவத்தைக் கவனியுங்கள், உயரத்தை விட அகலம் அதிகம். இரண்டு மணிகளை ஒட்டிவைத்தது போல நடுவில் ஒரு மெல்லிய பள்ளம். உங்களுக்குப் பழத்தின் படம் கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன்.

மரவெட்டி எழுதியது:
ஐயா, மரியாதையோடு ஒரு சந்தேகம். செர்ரி, பிளம் எல்லாம் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் மரங்கள். இது பசுமைமாறாக் காட்டு மரம் என்கிறீர்கள். அப்புறம் இதற்குத் தென்னாப்பிரிக்காவில் "நாற்ற மரம்" என்ற பொருளில் பெயர் இருப்பதாகப் படித்தேன். பாதாம் வாசனை என்று ஒருவர், நாற்றம் என்று இன்னொருவர். எது உண்மை?

சோலைக்குருவி எழுதியது:
இரண்டு நல்ல கேள்வி. முதல் கேள்விக்கு: புரூனஸ் என்றாலே இலையுதிரும் என்பது நாம் கடையில் பார்க்கும் குளிர்நாட்டுப் பழ மரங்களால் வந்த எண்ணம். பேரினத்தில் வெப்பமண்டல மலைகளில் வாழும் ஒரு பெரிய கிளை முழுக்கப் பசுமைமாறா மரங்கள்தான். பசுமைமாறா என்றால் இலை விழாது என்று அர்த்தமில்லை. நம் வீட்டு மாமரத்தடியைத் தினமும் பெருக்குகிறவர்களைக் கேளுங்கள்! எல்லா இலையும் ஒரே பருவத்தில் கொட்டாது, பழையது போகப் போகப் புதியது வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது: "ஸ்டிங்க்வுட்" என்ற பெயரில் தெற்கே மூன்று மரங்கள் உலவுகின்றன. அசல் ஸ்டிங்க்வுட் ஒகோடியா புல்லாட்டா, கற்பூரக் குடும்பம், புதிதாக வெட்டிய கட்டை நாறும். வெள்ளை ஸ்டிங்க்வுட் செல்டிஸ் ஆஃப்ரிக்கானா, அது இலையுதிர்க்கும், பட்டை வழவழப்பான சாம்பல், இலையின் அடியிலிருந்து மூன்று நரம்பு புறப்படும். நம்முடைய மரம் சிவப்பு ஸ்டிங்க்வுட், ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ரோய்ஸ்டிங்க்ஹவுட், கட்டையின் சிவப்பால் அந்த முன்னொட்டு. மூன்றும் மூன்று வேறு குடும்பம். ஊர்ப்பெயரை மட்டும் வைத்து மரத்தைப் பிடித்தால் இந்தக் கதிதான், நம் ஊரில் "வேங்கை", "அத்தி" என்று எத்தனை மரத்துக்குச் சொல்கிறோம்.

வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை. இலையிலும் பட்டையிலும் விதையிலும் சயனைடு சேர்ந்த ஒரு சர்க்கரைப் பொருள் இருக்கிறது. இலை முழுதாக இருக்கும்போது அதுவும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனி அறையில் இருக்கும். கசக்கினால் சுவர் இடிந்து இரண்டும் கலந்து, பென்சால்டிகைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளியாகும். நீங்கள் முகர்ந்த பாதாம் வாசனை முந்தையது. பிந்தையது நஞ்சு. முகர்ந்ததோடு நிறுத்தினீர்களே, மெல்லவில்லையே?

பயணப்பை எழுதியது:
மெல்லவில்லை ஐயா. நினைத்தேன், செய்யவில்லை. இப்போது கை லேசாக நடுங்குகிறது.

எட்வின்_யாழ் எழுதியது:
இந்தக் கதைக்குள் இலங்கையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த மரத்தை ஐரோப்பியத் தாவரவியலுக்குக் கொண்டுபோனவர் குஸ்டாவ் மான், லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய சேகரிப்பாளர். 1860களின் தொடக்கத்தில் கேமரூன் மலையில் ஏறிச் சேகரித்தார். (இதே மனிதர் பிறகு இந்தியாவுக்கு வந்து அசாம் காடுகளில் வன அதிகாரியாக வேலை செய்தார் என்பது உதிரித் தகவல்.) தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1864இல் அதற்கு வைத்த பெயர் பைஜியம் ஆஃப்ரிக்கானம். இதன் பட்டையிலிருந்து வரும் மருந்துக் குப்பிகளில் இன்றைக்கும் "பைஜியம்" என்று இருப்பது அந்தப் பழைய பெயரின் மிச்சம்.

அந்தப் பைஜியம் என்ற பேரினத்தை 1788இல் உருவாக்கியவர் யோசப் கேர்ட்னர் என்ற ஜெர்மானியர், அதற்கு அவர் கையில் இருந்தது இலங்கையிலிருந்து போன ஒரு மரத்தின் காய்! பெயரின் பொருளைக் கேட்டால் சிரிப்பீர்கள். கிரேக்கத்தில் "பூகே" என்றால் பிட்டம். சோலைக்குருவி ஐயா நாகரிகமாக "இரண்டு மணிகளை ஒட்டிவைத்தது போல" என்றாரே, கேர்ட்னருக்கு அவ்வளவு நாகரிகம் பார்க்கத் தோன்றவில்லை.

1965இல் கால்க்மன் என்ற டச்சுத் தாவரவியலாளர், பைஜியத்தைத் தனியாக வைத்திருக்கக் காரணமில்லை என்று மொத்தமாகப் புரூனஸுக்குள் சேர்த்தார். ஆபிரிக்க மரத்துக்கு மிக நெருங்கிய உறவுகள் பீச்சும் பிளமும் அல்ல, எங்கள் பக்கத்து மலைகளிலும் தென்கிழக்காசியாவிலும் இருக்கிற இந்தப் பழைய பைஜியங்கள்தான்.

சோலைக்குருவி எழுதியது:
அருமை எட்வின். நீலகிரிச் சோலைகளிலும் ஒன்று இருக்கிறது, புரூனஸ் சிலானிக்கா. இலையைக் கசக்கினால் அதே வாசனை வரும். சோலையில் நடக்கும்போது அந்த வாசனை பிடித்த பிறகுதான் எனக்கு ஆப்பிரிக்க மரத்தின் மேல் ஆர்வமே வந்தது.

மகள்_விழி எழுதியது:
மன்னிக்கவும், தலைப்புக்கு வெளியே ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு 68 வயது, புராஸ்டேட் வீக்கம், இரவில் ஐந்து முறை எழுகிறார். இணையத்தில் தேடினால் இந்த மரப்பட்டைத் தூள், மாத்திரை என்று வரிசையாக வருகிறது. வாங்கிக் கொடுக்கலாமா?

மருந்தாளுநர்_கோவை எழுதியது:
அக்கா, மருந்துக் கடையில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பட்டைச் சாறு ஏமாற்று வேலை இல்லை, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கும் இல்லை. ஜாக் தெபா என்ற பிரெஞ்சுக்காரர் 1966இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், ததெனான் என்ற பெயரில் ஐரோப்பாவில் பல காலம் விற்றது. 2002இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 18 சோதனைகளை, மொத்தம் 1,562 ஆண்களை வைத்து அலசியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களை விட அறிகுறிகளில் மிதமான முன்னேற்றம் இருந்தது என்று முடிவு வந்தது. ஆனால் அந்தச் சோதனைகள் சின்னவை, கொஞ்ச நாளே நடந்தவை, மருந்தின் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சாற்றில் பீட்டா சிட்டோஸ்டிரால், ஃபெரூலிக் அமிலத்தின் எஸ்டர்கள், உர்சோலிக் அமிலம் போன்றவை இருக்கின்றன, அத்தனையும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதுதான் பொதுவான கருத்து.

ஐந்து முறை எழுவதற்குச் சர்க்கரை, நோய்த்தொற்று என்று வேறு காரணங்களும் இருக்கலாம், இதே அறிகுறிக்குப் பின்னால் புற்றுநோயும் ஒளிந்திருக்கலாம். முதலில் சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இணையத்தில் வரும் பெயர் தெரியாத தூளை மட்டும் வாங்காதீர்கள், அதில் எந்த மரத்தின் பட்டை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மகள்_விழி எழுதியது:
நன்றி தம்பி. திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

டுவாலா_கணேசன் எழுதியது:
நான் கேமரூனில் கப்பல் சரக்குத் துறையில் ஏழு வருடம் இருந்தேன். பட்டை மூட்டை மூட்டையாகத் துறைமுகத்துக்கு வரும். அந்த மூட்டைகளுக்குப் பின்னால் மலையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது.

முறைப்படி உரிப்பது என்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. மரம் 30 சென்டிமீட்டர் விட்டமாவது இருக்க வேண்டும். அடிமரத்தின் சுற்றை நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு கால்வாசியில் மட்டும் முதல் கிளை வரைக்கும் உரிக்க வேண்டும். மற்ற இரண்டு பக்கத்தைச் சில வருடம் கழித்து, உரித்த இடம் மூடிய பிறகுதான் தொட வேண்டும். நான்கைந்து வருடம் என்று வைத்திருந்தார்கள், அது போதாது என்று பிறகு கூட்டினார்கள். மரம் பிழைக்கும், மறுபடியும் பட்டை தரும்.

நடந்தது வேறு. எடைக்குத்தானே காசு! சுற்றிலும் உரித்தார்கள், கிளை வரை ஏறி உரித்தார்கள், ஏறச் சோம்பல்பட்டவர்கள் மரத்தையே வெட்டிச் சாய்த்து உரித்தார்கள். 1990களில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் பட்டை கண்டத்தை விட்டு வெளியே போனது. மலை உச்சியில் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் தீப்பிடித்த காடு என்றே நினைப்பீர்கள். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இந்த மரம் இருக்கிறது, அனுமதிச் சீட்டில்லாமல் எல்லை தாண்டக் கூடாது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் கேமரூன் பட்டையை இறக்குமதி செய்வதையே நிறுத்தி வைத்தது. சில வருடம் கழித்து, எந்த மலையில் எத்தனை மரம், எவ்வளவு எடுக்கலாம் என்று எண்ணிக் கணக்குக் காட்டிய பிறகுதான் மறுபடி திறந்தது.

பயணப்பை எழுதியது:
அண்ணா, நான் பார்த்த மரத்தின் ஒரு பக்கத்திலும் ஆள் உயரத்துக்குப் பட்டை இல்லாத இடம் இருந்தது! ஓரங்கள் உருண்டு உள்ளே வந்துகொண்டிருந்தன. அதை மின்னல் தழும்பு என்று நினைத்தேன். சரி, சுற்றி உரித்தால் மட்டும் ஏன் சாகிறது? தண்ணீர் நடுக்கட்டை வழியாகத்தானே ஏறுகிறது?

சோலைக்குருவி எழுதியது:
தண்ணீர் கட்டை வழியாகத்தான் ஏறும், அதனால்தான் சுற்றி உரித்த மரம் உடனே வாடாது, பார்க்கிறவர்களும் "ஒன்றும் ஆகவில்லை" என்று நினைத்து ஏமாறுவார்கள். இலையில் சமைத்த சர்க்கரை கீழே இறங்குவது உள்பட்டை வழியாக. அந்த வழியை முழு வட்டமாக அடைத்தால் வேர் பட்டினி கிடக்கும். சேமித்து வைத்திருப்பதைத் தின்று முடிக்கும் வரை தாக்குப்பிடிக்கும், அப்புறம் மேலேயிருந்து காய ஆரம்பிக்கும். இரண்டு பக்கம் விட்டுவைத்தால் போக்குவரத்து ஒற்றைப் பாதையிலாவது நடக்கும்.

இந்த மரத்துக்குப் புதுப்பட்டை போடும் திறமை அதிகம். ஆனால் கத்தி கட்டை வரைக்கும் இறங்கியிருந்தால் அந்தத் திறமையெல்லாம் வீண், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் வளர்திசு, கேம்பியம் என்பார்களே, அது கிழியாமல் ஈரமாக இருந்தால்தான் முடியும். நீங்கள் பார்த்த உருண்ட ஓரம் அந்தத் திசுவின் வேலை. மூடுவதற்குள் கட்டை துளைக்கும் வண்டு நுழைந்துவிட்டால் அது தனிக்கதை.

கொடைக்கானல்_தோட்டம் எழுதியது:
இவ்வளவு கேட்ட பிறகு ஆசை வந்துவிட்டது. எங்கள் இடம் 2,000 மீட்டர், குளிர், மூடுபனி, நல்ல மழை. விதை வரவழைத்துப் போட்டால் வருமா? பட்டைக்குச் சந்தையும் இருக்கிறது.

சோலைக்குருவி எழுதியது:
வேண்டாம் என்பேன், மூன்று காரணம். விதையைக் காயவைத்து உறையில் போட்டு அனுப்ப முடியாது, உலர்ந்தால் உயிர் போய்விடும். பழுத்ததும் சதையைக் கழுவி ஈரத்தோடு நட வேண்டும், அப்படி நட்டால் நன்றாக முளைக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி காய்க்கவும் காய்க்காது. அடுத்தது, நிழலில் முளைத்தாலும் கன்று மேலே வர வெளிச்சம் வேண்டும். காட்டில் ஒரு பெரிய மரம் விழுந்து வானம் திறந்தால்தான் இது எழும், அப்படித் திறந்த இடத்தில் வேகமாக வளரும். மலைச்சோலைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு அந்நிய மரத்தைக் கொண்டுவந்து வைக்கிற துணிச்சல், சீகையும் (வாட்டில் மரம்) யூகலிப்டஸும் நீலகிரிப் புல்வெளியை என்ன செய்தன என்று பார்த்த எனக்கு இல்லை. இதன் பழத்தைக் குரங்கும் இருவாச்சியும் தின்று விதையைப் பரப்புகின்றன, இங்கேயும் குரங்குக்கும் பறவைக்கும் பஞ்சமில்லை. மூன்றாவது, சிலானிக்கா உங்கள் மலைக்கே உரியது. அதைத் தேடி நடுங்கள், சந்தை இல்லை என்பது அதற்கு நல்லதுதான்.

கொடைக்கானல்_தோட்டம் எழுதியது:
சீகை என்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன் ஐயா. சிலானிக்கா நாற்றுக்குச் சொல்லி வைக்கிறேன்.

எட்வின்_யாழ் எழுதியது:
ஒரு விசயம் விட்டுப்போச்சு. இந்த மரம் ஆபிரிக்காவில் தொடர்ச்சியாக இல்லை. எத்தியோப்பியா, கென்யா, உகண்டா, தன்சானியா, மலாவி, தென்னாபிரிக்கா, அந்தப் பக்கம் கேமரூன், பயோகோ, சாவோ தோமே, கடல் தாண்டி மடகாஸ்கர், கொமோரோஸ். எல்லாம் மலை மலையாகத் தனித்தனி. நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சூடான சமவெளி. குளிர்ந்த காலங்களில் மலைக்காடுகள் கீழே இறங்கி ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும், சூடேறியதும் மேலே ஏறித் தீவுகளாகிவிட்டன. மரபணுவைப் பார்த்தவர்கள் மேற்கு உகண்டா மரங்கள் பக்கத்துக் கென்யா மரங்களை விடத் தொலைவில் இருக்கும் கேமரூன் மரங்களுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்கிறார்கள். ஆகவே ஒரு மலையில் மொட்டையடித்தால், இன்னொரு மலையில் நிறைய இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல ஏலாது.

பயணப்பை எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. ஒரு புதுச்செய்தி. வழிகாட்டிக்கு வாட்ஸாப்பில் எழுதியிருந்தேன், இன்று காலை அதே மரத்தடிக்குப் போய்ப் படம் அனுப்பியிருக்கிறார். குரங்குகள் உதிர்த்த காய்களாம், பாதி பச்சை, பாதி சிவப்பு. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லியிருந்தேன். அகலம் 11 மில்லிமீட்டர், உயரம் 8. நடுவில் பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. கேர்ட்னர் சொன்னது சரிதான் எட்வின் அண்ணா, வேறெப்படியும் சொல்ல முடியாது.

சோலைக்குருவி எழுதியது:
கையெழுத்துப் போட்டாயிற்று. புரூனஸ் ஆஃப்ரிக்கானா.

மரவெட்டி எழுதியது:
சரி சரி, ஒத்துக்கொள்கிறேன், கற்பூரம் இல்லை. ஆனால் மூன்றாவது படத்தில் பின்னால், இடது ஓரத்தில், இலையடி வெளுத்துத் தெரிகிற ஒரு பெரிய மரம் நிற்கிறதே, அந்த வழிகாட்டியிடம் அதன் இலையையும் ஒன்று கசக்கிப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி.